மாடிக்கும் கூடத்துக்கும் நடுவே

"வரல" என்று அல்லி சொன்னது அவள் காதுக்கே சரியாக எட்டவில்லை. ஆனால் சன்னலுக்கு வெளியே யாரோ அதை அப்படியே வாங்கி மாடிக்குச் சொன்னார்கள்.

"வரலையாம்."

மேலே செம்பியன் சிரித்தான். "வரலையா? சரி, பொறுக்கச் சொல்லுங்க. டிஷ்ஷை இன்னும் கொஞ்சம் நகத்துறேன்."

"பொறுக்கணுமாம்" என்றது சன்னல் பக்கத்துக் குரல், இந்த முறை அல்லியிடம்.

பணிவான குரல். கோயிலில் கூட்டம் நெரியும்போது முன்னால் நிற்பவர் திரும்பி, குருக்கள் சொன்னதை நமக்குச் சொல்வாரே, அந்த மாதிரி. பெண் குரலா ஆண் குரலா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஓரங்கள் மழுங்கி, ஈரத்தில் ஊறியது போல இருந்தது. பக்கத்து வீட்டுக் கல்யாணசுந்தரி அக்காவுக்குச் சில நாளாகச் சளி. அவள்தான் மதிலோரம் நின்று எடுத்துச் சொல்கிறாள் என்று அல்லி நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிற்று. இனிக் கத்த வேண்டாம்.

கத்துவது அவளுக்கு வராது. கல்லூரியில் இயற்பியல் வாய்மொழித் தேர்வின்போது வெளியூர்ப் பேராசிரியர் "என்னம்மா? என்னம்மா?" என்று காதைக் காதை நீட்டிக் கேட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் ஏதோ மதிப்பெண் போட்டு அனுப்பிவைத்தார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த பிறகும் அதே கதைதான். மீன்காரர் தெருமுனை தாண்டிப் போன பிறகுதான் அவள் வாயிலிருந்து "ஏங்க" என்பது வெளியே வரும்.

தருமபுரத்துக்குப் பின்னால், வயல்களை மனைகளாகப் பிரித்துப் போட்ட இடத்தில் இருந்தது வீடு. வாடகை வீடு. வீட்டுக்காரர் பிரான்சில் இருந்தார். மாடி எழுப்பப் போகிறேன் என்று தூண் கம்பிகளை நீட்டி விட்டுவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. மொட்டைமாடியில் கிழக்கும் தெற்கும் மட்டும் கைப்பிடிச் சுவர் இருந்தது. வடக்கிலும் மேற்கிலும் தளம் வெறுமனே முடிந்தது. அந்த வடமேற்கு மூலைக்கு நேர் கீழே, மிச்சமான ஜல்லிக் குவியல் புல் முளைத்துக் கிடந்தது.

போன வாரம் அடித்த புயல்காற்றில் டிஷ் திரும்பிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். இன்று துறைமுகத்து எடைமேடை வேலை முடிந்து வந்த செம்பியன் மேலே ஏறிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: டிஷ் நகரவே இல்லை. அடுத்த மனைத் தென்னைமரம் காற்றில் சாய்ந்து, அதன் மட்டைகள் தென்கிழக்கு மூலையில் டிஷ்ஷுக்கு நேர் மேலே குடை விரித்திருந்தன.

"தூக்கிப் பின்னால வைக்கணும்ங்க" என்றாள் அல்லி, அண்ணாந்து பார்த்துக்கொண்டு. "நம்ம ஊருல டிஷ் ஏறக்குறைய உச்சியைப் பாத்துத்தான் இருக்கும். தென்கிழக்குல, உச்சிக்குக் கொஞ்சம் கீழ. மரம் மறைக்காத இடம் வரைக்கும் பின்னால வந்தா போதும்."

"பிஸிக்ஸ் மேடம் சொன்னா சரி" என்றான் அவன், ஸ்பேனரைப் பல்லில் கடித்துக்கொண்டே.

"நாளைக்கு அந்த டிஷ் மாட்டுறவரையே கூப்பிட்டுக்கலாமே. மழை ஈரமா இருக்கு."

"நாளைக்கு எங்க அப்பா வர்றாரு. செய்தி ஓடாத வீட்டுல கோவிந்தராசுவுக்குச் சோறு எறங்காது. உன் குழம்பு சரியில்லன்னுதான் சொல்லுவாரு, டிவி ஓடலன்னு சொல்ல மாட்டாரு. உன் நல்லதுக்குத்தான் ஏறுறேன்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மாடி மூலையைப் பார்த்தாள். விளிம்பு ஈரத்தில் கறுத்திருந்தது. "பின்னால பாத்து வாங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். அவன் அதற்குள் படியேறிப் போய்விட்டான்.

முதலில் போனில்தான் பேசிக்கொண்டார்கள். டிஷ்ஷை அடிக்கட்டையிலிருந்து கழற்றிக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துப் பிடித்தபடி, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவன் ஓரடி பின்னால் வைப்பான், நிற்பான். அவள் திரையைப் பார்த்துச் சொல்வாள். பெட்டி சிக்னலைப் பிடிக்கச் சற்று நேரமெடுக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டியிருந்தது. திசைகாட்டி பார்த்துப் பார்த்தே அவன் போனில் சார்ஜ் தீர்ந்துபோனது. "இனிமே கத்து" என்று மேலிருந்து குரல் கொடுத்தான். அவள் கத்தினாள். அவனுக்குக் கேட்கவில்லை. மறுபடி கத்தினாள்.

அப்போதுதான் அந்தக் குரல் குறுக்கே வந்து உதவியது.

வெளிச்சம் வேகமாக மங்கிக்கொண்டிருந்தது. கார்த்திகை மாதத்து மூட்டத்தில் பொழுது சாய்வது தெரியாது. யாரோ சாம்பலைக் கொட்டிக்கொண்டே வருவது போல வாசல் முதலில் மங்கும், பிறகு செடிகள், பிறகு முற்றத்துக் குழாய். தருமபுரத்துப் பள்ளிவாசலில் பாங்கு ஓய்ந்து கொஞ்ச நேரமாகியிருந்தது. கடற்காற்று காரைக்கால்மேட்டிலிருந்து கருவாட்டு வாசனையையும் நனைந்த மணல் வாசனையையும் கொண்டுவந்து சன்னல் வழியே கூடத்துக்குள் விட்டது. வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கிய காலி மனைகளில் தவளைகள் இரைந்தன. கூடத்தில் டிவியின் நீல வெளிச்சம் மட்டும். அதில் இரண்டு பட்டைகள். சிக்னல் பலம் பாதிக்கு மேல் நிறைந்து நின்றது. சிக்னல் தரம் என்று எழுதியிருந்த பட்டைதான் காலியாகக் கிடந்தது. அது நிறைந்தால்தான் படம் வரும்.

அந்தக் காலிப் பட்டையில் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று முளைத்தது.

"வருது. கொஞ்சமா" என்றாள் அல்லி.

"வருதாம். கொஞ்சமா" என்றது குரல்.

"ஆகா!" என்றான் செம்பியன். "அக்கா, அவளை வாயைத் தொறந்து பேசச் சொல்லுங்க. கட்டிக்கிட்டு நாலு மாசமாச்சு, நானே இன்னும் அவ குரலை முழுசாக் கேட்டதில்ல!"

அல்லிக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் இதையெல்லாமா சொல்வார்கள். அக்காள் சிரிப்பாள், பதிலுக்கு ஏதாவது கேலி சொல்வாள் என்று காத்திருந்தாள். கல்யாணசுந்தரி கேலிக்கு வாய்ப்புக் கிடைத்தால் விடுகிற ஆள் இல்லை.

சிரிப்பு வரவில்லை. பிறகு, முன்பைவிடக் கொஞ்சம் கிட்டத்தில், அந்தக் குரல் அவளிடம் சொன்னது.

"குரலைக் கேட்டதில்லையாம்."

அல்லி சன்னலைத் திரும்பிப் பார்த்தாள். கொசுவலை அடித்த சன்னல். அதற்கு அந்தப் பக்கம் வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கிற சந்து. அங்கே இருட்டுதான் தெரிந்தது. அப்போதுதான் அவளுக்குத் தவளைகள் நினைவுக்கு வந்தன. அவை நின்றுபோயிருந்தன. ஆள் நடமாடினால் தவளை சத்தத்தை நிறுத்தும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அக்காள் மதிலைச் சுற்றி இந்தப் பக்கம் வந்திருப்பாள். ஆனால் சந்து முழுக்க மழைத்தண்ணீர் நின்றது. ஒரு கால் வைத்தாலும் சளக்கென்று கேட்கும். அவளுக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை.

"அக்கா?" என்றாள்.

தவளை ஒன்று தயங்கித் தொடங்கியது. பிறகு எல்லாம் தொடங்கின.

மேலே செம்பியன் நகர்ந்தான். வெறுங்கால் ஈரத் தளத்தில் ஒட்டிப் பிரியும் சத்தம் கூரை வழியே இறங்கி வந்தது. கூடத்தின் நடுவே இருந்த அந்தச் சத்தம் இப்போது சமையலறைப் பக்கம் போயிருந்தது. திரையில் மஞ்சள் கோடு சுருங்கிற்று. சுருங்கி, காணாமல் போயிற்று. நகர்ந்ததில் டிஷ் திசை மாறிவிட்டது; பழைய இடத்துக்கே வர வேண்டும்.

"போயிடுச்சு" என்றாள். "முன்னால வரச் சொல்லுங்க."

தவளைகள் நின்றன.

"கூடுதாம்" என்றது குரல். "இன்னும் பின்னால வரணுமாம்."

அல்லி ஒரு கணம் தான் சொன்னதைத் தானே மனத்துக்குள் சொல்லிப் பார்த்தாள். தப்பாகக் கேட்டிருக்கும். சளி பிடித்தால் காதடைக்கும். அவள் சன்னல் பக்கம் போய் வலையில் வாயை வைத்து, தனக்கு முடிந்த அளவு சத்தமாகச் சொன்னாள். "அக்கா, முன்னால! முன்னால வரச் சொல்லுங்க. பின்னால சுவர் இல்ல!"

வலையிலிருந்து ஒரு வாசனை அடித்தது. மூடிக்கிடந்த தண்ணீர்த்தொட்டியைத் திறந்தால் வருமே, அது.

"பின்னால எடம் இருக்காம்" என்றது குரல், நிதானமாக. "தாராளமா வரலாமாம்."

தளத்தில் வெறுங்கால் ஒட்டிப் பிரிந்தது.

அப்போது சோபாவில் கிடந்த அவள் போன் அடித்தது. திரையில் கல்யாணசுந்தரி அக்காவின் படம். அல்லி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மதிலோரம் நிற்கிறவள் எதற்குப் போன் செய்கிறாள் என்று யோசித்தாள். எடுத்தாள்.

"ஏ அல்லி, தூங்கிட்டியா?" என்றது போன். பின்னால் பஸ் ஹாரன், யாரோ பூ விற்கும் சத்தம். "எவ்வளவு நேரம் அடிக்கிறது. நாங்க நாகூருல மாட்டிக்கிட்டோம்டி. இங்க பேய் மழை, பஸ்ஸு ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. மத்தியானம் கொடியில துணி போட்டுட்டு வந்தேன். உங்க அண்ணன் வேட்டி எல்லாம் அதுலதான் கெடக்கு. மதில் ஏறிக் குதிச்சாவது எடுத்து வச்சிடு, உனக்குப் புண்ணியமாப் போவும். என்னடி, இருக்கியா?"

"அக்கா" என்றாள் அல்லி. "நீங்க வீட்டுல இல்லையா?"

"அதத்தானே சொல்றேன் இவ்வளவு நேரம்."

சன்னலுக்கு வெளியே: "இன்னும் கொஞ்சமாம்."

போனில் கல்யாணசுந்தரி பேச்சை நிறுத்தினாள். "யாரு அது, உங்க வீட்டுல?" என்றாள், குரலைத் தாழ்த்தி. "விருந்தாளியா? சொல்லவே இல்லையே."

அல்லி போனை வைத்துவிட்டாள். அணைத்தாளா, வெறுமனே சோபாவில் போட்டாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. கூடத்தின் மூலைகளெல்லாம் நீலமாக மூச்சுவிட்டன. படித்தவள் அவள். யாராவது தெருவில் போகிறவர் விளையாடுகிறார் என்றோ, தன் காதுதான் ஏமாற்றுகிறது என்றோ சொல்லிக்கொள்ள ஒரு வழி வேண்டும். சோதித்துப் பார்க்கலாம். எதையும் சோதித்துப் பார்க்கலாம். வாய் பேசாமல் இருந்தால் எடுத்துச் சொல்ல ஒன்றும் இருக்காது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ரிமோட்டை உயர்த்தி டிவியை அணைத்தாள்.

கூடம் இருண்டது.

சுவரில் பல்லி ஒன்று கத்தியது. அதன் பிறகு அதுவும் இல்லை.

"தெளிவா வருதாம்" என்றது குரல். "படம் கண்ணாடி மாதிரி இருக்காம். ஒரே ஒரு அடி பின்னால வச்சிட்டா முடிஞ்சிடுமாம்."

அல்லி ஓடினாள்.

வாசல் தாழ்ப்பாள் கையில் வழுக்கிற்று. திறந்தாள். முற்றம். குழாயடி. வடக்குச் சந்துக்குள் திரும்பினாள். தண்ணீர் கணுக்கால் வரை ஏறியது, சில்லென்று. சந்து காலியாக இருந்தது. இந்தப் பக்கம் பாசி பிடித்த மதில். அந்தப் பக்கம் அவர்கள் வீட்டுச் சுவர். நடுவே யாரும் இல்லை. தண்ணீரில் அவள் கால் எழுப்பிய அலை மட்டும் சந்தின் கடைசி வரை போய், அங்கே எதன் மீதோ பட்டது போலத் திரும்பி வந்தது.

அவள் அண்ணாந்து பார்த்தாள்.

சந்து முடியும் இடத்தில், மேலே, தளத்தின் விளிம்பில் செம்பியனின் முதுகு தெரிந்தது. டிஷ்ஷை மார்போடு அணைத்துக்கொண்டு, தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தபடி நின்றான். சட்டை காற்றில் உப்பியிருந்தது. அவன் குதிகால் வெள்ளையாகத் தெரிந்தது. குதிகாலுக்குப் பின்னால் தளம் ஒரு சாண் அகலம் இருந்திருக்கும். அதற்குமேல் ஒன்றுமில்லை.

"நில்லுங்க!" என்றாள் அல்லி. "பின்னால வராதீங்க!"

அவள் தோளுக்குப் பக்கத்தில் காற்று ஈரமானது.

"நிக்க வேணாமாம்" என்றது குரல். சத்தமாக, தெளிவாக, உற்சாகமாக. "வரணுமாம்."

அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அங்கே ஒரு முகம் இருக்கும் என்று கழுத்து சொல்லிற்று. முகம் இல்லாமலும் இருக்கலாம். அவள் மேலேயே பார்த்தாள். அவனுக்குத் தெரிய வேண்டும். இது தான்தான் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். "ஏங்க" என்பதை யாரும் சொல்லலாம். "என்னங்க" என்பதை எந்தக் குரலும் சொல்லலாம். அவளுக்குச் சொல்ல வேறு என்ன இருக்கிறது? தாலி கட்டிய நாளிலிருந்து அவள் வாயில் எடுக்காத ஒரே சொல்தான் மிச்சமிருந்தது. எடுக்கக் கூடாது என்று யாரும் அதட்டவில்லை. அவளுடைய அம்மா எடுத்ததில்லை, அவன் அம்மாவும் எடுத்ததில்லை, அவ்வளவுதான். அவள் மூச்சை வயிற்றிலிருந்து இழுத்தாள். வாழ்நாளில் முதல் முறையாகத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"செம்பியா!"

சத்தம் மதிலில் மோதி எழும்பியது. அவளுக்கே பழக்கமில்லாத குரல். முரட்டுக் குரல். அது அவளுடையது என்று அவளாலேயே நம்ப முடியவில்லை.

மேலே அவன் நின்றான். தலையைக் கொஞ்சம் சாய்த்தான். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது.

"யாரு அது, பேரைச் சொல்லிக் கூப்பிடுறது?" என்றான் செம்பியன், திரும்பாமலே. டிஷ்ஷின் பாரத்தில் மூச்சு வாங்கிற்று. "அக்கா, தெருவுல யாரும் வந்திருக்காங்களா? அல்லிகிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

"நான்தாங்க! நான்..."

தொண்டை உடைந்துபோயிருந்தது. காற்றுதான் வந்தது.

"யாரும் இல்லையாம்" என்றது குரல்.

மாடிப்படி வீட்டின் முன்பக்கம், கிழக்கே இருந்தது. அவள் சந்தில் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு ஓடினாள். ஒரு கணம் அவனைக் கண்ணைவிட்டு விட வேண்டியிருந்தது. அந்த ஒரு கணம்தான் ஆகாது என்று தெரிந்தே ஓடினாள். குழாயடி. முற்றம். படி. கைப்பிடி இல்லாத படி. புடவை காலைத் தட்டிற்று. கையை ஊன்றி எழுந்தாள். பின்னால், சந்துக்குள், அந்தப் பணிவான குரல் பேசிக்கொண்டிருந்தது. என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை. மேலே அவன் "சரி, சரி" என்றான்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

பாதிப் படியில் அவளுக்கு அது கேட்டது.

பெரிய சத்தம் இல்லை. அலறல் இல்லை. நனைந்த மணல் மூட்டையை லாரியிலிருந்து தள்ளியது போல ஒன்று. பின்னால் ஜல்லி உருளும் சத்தம். ஒரு கல் மட்டும் தனியாக, கடைசியில், தண்ணீரில் விழுந்தது.

உடனே தவளைகள் எல்லாம் ஒன்றாகக் கத்தத் தொடங்கின.

அவள் மேலே வந்தாள். மாடி காலியாக இருந்தது. தென்னை மட்டைகள் ஒன்றோடொன்று உரசின. கம்பிகள் வானத்தைக் குத்திக்கொண்டு நின்றன. அவன் செருப்பு அடிக்கட்டைக்குப் பக்கத்தில் சோடியாக, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. கறுப்புக் கேபிள் தளத்தின் குறுக்கே பாம்பு போல ஓடி, வடமேற்கு மூலையில் விளிம்பைத் தாண்டி இறங்கியிருந்தது. விறைப்பாக. மெல்ல ஆடிக்கொண்டு. அதன் நுனியில் டிஷ் சுவரில் உரசும் சத்தம் கேட்டது. கிரீச். கிரீச்.

அவள் நடக்கவில்லை. முழங்காலில் தவழ்ந்தாள். சிமெண்டு ஈரம் புடவை வழியே ஏறியது. விளிம்பு கைக்கு வந்தது. பாசி. வழவழப்பு. அதைப் பிடித்துக்கொண்டு தலையை நீட்டினாள்.

சமையலறை விளக்கு சன்னல் வழியே ஜல்லி மேல் விழுந்திருந்தது. கம்பி நிழல் கோடு கோடாக.

செம்பியன் அங்கே கிடந்தான். மார்பு ஜல்லியில் கவிழ்ந்திருந்தது. முகம் வானத்தைப் பார்த்திருந்தது.

கண் திறந்திருந்தது. உதடு அசையவில்லை. எதுவுமே அசையவில்லை.

அவன் பக்கத்தில் ஒன்று குந்தியிருந்தது.

ஒல்லியாக இருந்தது. நனைந்த சாக்கைப் போர்த்தியது போல. முழங்கால்கள் தோளுக்கு மேலே நின்றன. விளக்கு வெளிச்சம் அதன் மேலும் விழுந்தது. விழுந்தும் ஒன்றும் துலங்கவில்லை. அது தலையைச் சாய்த்து, காதை அவன் வாய் மேல் ஒட்ட வைத்திருந்தது. வயதானவர் முணுமுணுப்பதை மரியாதையோடு கேட்பது போல. கேட்டது. மெல்லத் தலையாட்டியது. இன்னும் கேட்டது.

தவளைகள் நின்றன.

அது நிமிர்ந்து மேலே பார்த்தது.

"கொஞ்சம் முன்னால வரணுமாம்" என்றது. "உங்க முகம் தெரியலையாம்."

அல்லி பேசவில்லை. மூச்சுக்கூட விடவில்லை. உதட்டைப் பல்லால் அழுத்தியிருந்தாள், ரத்தம் உப்புக் கரித்தது.

கீழே அது அவள் பக்கம் காதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, பொறுமையாகக் காத்திருந்தது. பிறகு, பதில் கிடைத்தது போலத் தலையாட்டியது. மறுபடி அவன் காதருகே குனிந்தது.

"வர்றாங்களாம்."